அறம் வளர்த்த குந்தவைப் பிராட்டியார்

சேத்தூர், இராசபாளையம் பகுதிக்குத் தென்கிழக்கே உள்ள கழுகுமலையில், குரத்தியர் எனப்பட்ட சமணப் பெண் ஆசிரியர்களின் பெயர்களைக் கல்வெட்டுகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. பாண்டிய நாட்டில் அறம் உரைத்த பெண்மை, சோழ நாட்டில் அறம் புரந்தும் விளங்கிற்று. அவ்வாறு புரந்தோருள் தலையாயவர் முதலாம் இராசராசரின் தமக்கையார் குந்தவைப் பிராட்டியார்.

சுந்தர சோழருக்கும் வானவன் மாதேவியாருக்கும் மகளாய்ப் பிறந்து, வல்லவரையர் வந்தியத்தேவரை மணந்தவர் இவர். அரச குலத்தில் பிறந்தும் துயர் இவரை விட்டுவைக்கவில்லை. உடன்பிறந்த ஆதித்த கரிகாலர் வஞ்சகரால் கொலையுண்டார். தந்தையார் காஞ்சிப் பொன்மாளிகையில் உயிர்நீத்தார். அன்னையார் இளமகவைப் பிரிந்து கணவருடன் மாய்ந்த செய்தியைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு உரைக்கின்றது. அரியணை சிறிய தந்தை முறையினரான உத்தம சோழரைச் சேர்ந்தது. 985-இல் இராசராசர் முடிசூடும் வரை, நாளை நிகழ்வது யாதென்று அறியவொண்ணாத காலமாகவே அது கழிந்தது.

தம்பியார்க்குப் படையும் வெற்றியும் வாய்த்தன. தமக்கையார் கைக்கொண்டது ஈகை. தஞ்சைப் பெருங்கோயிலில் தாய் தந்தையரின் திருமேனிகளை எழுந்தருளுவித்தார். தந்தையாரின் பெயர் தாங்கிய சுந்தர சோழ விண்ணகர் ஆதுலர் சாலைக்கு நிலம் அளித்தார். தீயில் வீழ்தலை உலக மூடம் என விலக்கியவர் ஆசாரியர் சமந்தபத்திரர். மருந்து தானமோ நம் நால்வகைத் தானங்களுள் ஒன்று. அன்னையார் இழப்பின் முன் தம்முயிரைத் துறந்தார். மகளார் இழந்தோர் பெயரால் பிறர் உயிரைப் பேணினார்.

திண்டிவனம் அருகே தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்த பிராட்டியார், அருகப் பெருமானுக்கும் ஆலயம் எடுத்தார். போளூர் அருகே திருமலையிலும் அவர் பெயரால் குந்தவை ஜினாலயம் விளங்குகின்றது.

அத்திருமலையிலுள்ள இராசேந்திரர் காலக் கல்வெட்டொன்று எண்ணத்தக்கது. மன்னர் வென்ற நாடுகளை நெடுக உரைத்த பின்னர், நன்னப்பையன் என்னும் வணிகரின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் நந்தா விளக்குக்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் அளித்ததை அது கூறுகின்றது. அரசகுல மங்கை தொடங்கிய அறத்தை வணிகர் குல மங்கை வளர்த்தார். ஒரே கல்லில் ஆடவர் வென்றதும் பெண்டிர் ஈந்ததும் அருகருகே நிற்கின்றன. வென்ற நாடுகள் கைமாறிப் போயின. ஜினாலயத்தில் வழிபாடு இன்றும் நிகழ்கின்றது. துயர் வந்துற்ற நம் இல்லங்கள் நினைவிற் கொள்ளத்தக்க வாழ்வு இது.