கண்ணறியா உயிர்களைக் கண்ட வணிகர்

ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் 1632ஆம் ஆண்டு பிறந்த அந்தோனி வான் லீவன்ஹூக், துணி வணிகர். பல்கலைக்கழகம் புகுந்தவரல்லர், அறிஞர்தம் மொழியான இலத்தீனும் கற்றவரல்லர். எனினும், தாமே தேய்த்தெடுத்த கண்ணாடி வில்லைகளால் புதியதோர் உலகைக் கண்டார்.

1674இல் ஏரிநீரில் பச்சைச் சுருளிழைகளையும், ஓடித்திரியும் சிற்றுயிர்களையும் கண்டார். 1676இல் அவற்றினும் நுண்ணிய உயிர்களைப் பற்றி எழுதியபோது இலண்டன் இராயல் சங்கத்தார் ஐயுற்றனர். தம்முடன் நேரில் கண்ட பெரியோரின் சான்றுரைகளை அவர் அனுப்பிவைத்தார். 1677இல் இராபர்ட் ஹூக் சோதித்து, உண்மையென உறுதிசெய்தார். 1680இல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. அவ்வாண்டே ஈஸ்ட்டின் உருண்டைகளையும் கண்டார். அவை உயிருள்ளவை என்பதை மட்டும் அவர் உணரவில்லை.

அவர் கண்ட சுருளிழை பாசி, திரிந்தவற்றுள் பல புரோட்டோசோவா, ஈஸ்ட் பூஞ்சை. இம்மூன்றின் உயிரணுக்களிலும் சவ்வு சூழ்ந்த உட்கரு உண்டு. ஆயினும் வாழ்முறை வேறு. பாசி, பச்சையத்தின் துணையால் ஒளிகொண்டு தன் உணவைத் தானே ஆக்கும். புரோட்டோசோவாக்களுள் பெரும்பாலானவை, செல்சுவரின்றி அசைந்து சென்று இரையை உட்கொள்ளும். பூஞ்சையோ கைட்டின் கலந்த சுவருடன், கரைந்த உணவை உறிஞ்சி வாழும்.

1723இல், தமது 90ஆம் வயதில் அவர் மறைந்தார். படைத்தவனின் நுண்மையை ஒரு துளி நீரில் கண்டு, ஐயத்தைச் சான்றால் வென்ற அவ்வணிகரின் வாழ்வு, நம் மாணவச் செல்வங்களுக்கு நல்லதொரு பாடமாகும்.