கலர் டாப்ளர் ஸ்கேன்: யார் அந்த டாப்ளர்? கால் ரத்தக்கட்டுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

தேனி, சின்னமனூர், கம்பம் பக்கம் ஸ்கேன் சென்டர் போர்டுகளில் ‘கலர் டாப்ளர்’ என்று பார்த்திருப்பீங்க. அது மெஷின் கம்பெனி பெயர் இல்லை. ஒரு மனிதரின் பெயர்.

கல் வேலைக் குடும்பம்

கிறிஸ்டியன் டாப்ளர் 1803 நவம்பர் 29-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் பிறந்தார். குடும்பத் தொழில் கல் வேலை. உடம்பு ஒத்துழைக்காததால் அவரைப் படிக்க அனுப்பினார்கள். கணிதம் படித்தும் நிரந்தர வேலை கிடைக்கல. நம்ம ஆண்டிப்பட்டி பக்கம் இருப்பது போன்ற ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதினார். 1835-ல் பொருட்களை விற்றுவிட்டு அமெரிக்கா கிளம்பத் தயாரானபோதுதான், பிராக் நகரில் ஆசிரியர் வேலை கிடைத்தது.

என்ன கண்டுபிடித்தார்?

ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் கீச்சென்று கேட்கும். கடந்து போனதும் சுருதி இறங்கும். அலையை உண்டாக்கும் பொருள் நகர்ந்தால் அலையின் அதிர்வெண் மாறித் தெரியும் என்று 1842-ல் டாப்ளர் சொன்னார். அவர் பேசியது நட்சத்திரங்களின் நிறம் பற்றி. அந்த நிற விளக்கம் சரியாக வரல. ஆனா அடிப்படை விதி சரி. 1845-ல் நெதர்லாந்தில் ஓடும் ரயிலில் டிரம்பெட் வாசிக்க வைத்து அதை உறுதி செய்தார்கள்.

அப்படியும் வியன்னாவில் எதிர்ப்பு ஓயல. 1853 மார்ச் 17-ல் நுரையீரல் நோயால் வெனிஸில் இறந்தார். வயது 49. சுமார் 100 வருஷம் கழித்து, ஜப்பானின் ஷிகேயோ சடோமுரா அதே விதியை அல்ட்ராசவுண்டில் சேர்த்து இதய அசைவையும் ரத்த ஓட்டத்தையும் கவனித்தார்.

காலில் எப்படிப் பார்க்கிறார்கள்?

படுக்கை அருகிலேயே சில நிமிட வேலை. தொடை இடுக்கிலும் முழங்காலுக்குப் பின்புறமும் ஸ்கேன் கருவியை வைத்து டாக்டர் அழுத்துவார். நல்ல சிரை தட்டையாக அமுங்கும். ரத்தக்கட்டு இருந்தால் அமுங்காது. ரத்தம் ஓடுகிறதா என்பதை டாப்ளர் நிறமாகக் காட்டும். கெண்டைக்கால் கட்டு முதல் முறை தப்பிவிடலாம். சந்தேகம் இருந்தால் ஒரு வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள்.

ஏன் அவசரம்?

கட்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் அல்லது நீண்ட படுக்கைக்குப் பிறகு ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி வந்தால், சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவாதீங்க. அன்றே டாக்டரைப் பாருங்க. மூச்சுத்திணறலும் சேர்ந்தால் உடனே 108-க்கு போன் செய்யுங்க.