பொம்மை ரயிலில் ஒரு குளிர்ந்த வெளிச்சம்

குட்டீஸ், முசிறியில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் காவிரிப் பாலத்தைத் தாண்டி, எதிர்க்கரையில் உள்ள குளித்தலைக்குத்தான் போக வேண்டும். ராத்திரியில் ஜன்னல் ஜன்னலாக விளக்கு எரிய, ரயில் ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த அழகை வீட்டுக்குள்ளேயே கொண்டு வந்துவிடுகிறார்கள், மாதிரி ரயில் செய்பவர்கள். இரண்டு விரல் அகலமே உள்ள பெட்டிக்குள் விளக்கு எரிகிறது!

முன்பெல்லாம் இதற்குக் குட்டி பல்பு வைப்பார்கள். பல்பு சூடானால் பிளாஸ்டிக் கூரை இளகிவிடும். இப்போது எல்.இ.டி. வைக்கிறார்கள். கூரைக்கு ஆபத்து இல்லை. இந்தக் குளிர்ந்த வெளிச்சத்தின் ரகசியத்தைத் தேடியவர்தான், ரஷ்யாவைச் சேர்ந்த ஒலெக் லோசெவ்.

லோசெவ் 1903-ம் ஆண்டு ட்வேர் நகரில் பிறந்தார். அவருடைய அப்பாவுக்கு வேலை எங்கே தெரியுமா? அவ்வூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை அலுவலகத்தில்! பள்ளியில் படிக்கும்போதே லோசெவுக்கு வானொலி மீது கொள்ளை ஆசை. நீஸ்னி நோவ்கரத் நகரில் இருந்த வானொலி ஆய்வுக்கூடத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். வேலை நேரம் போக, சோதனைகள் செய்தார்.

சாணைக்கல்லில் சேர்ப்பார்களே, கார்போரண்டம்! அந்தப் படிகத்தில் ஓர் ஊசியைத் தொடவைத்து மின்சாரம் செலுத்தினார். தொட்ட இடத்தில் மங்கலாக ஒளி தெரிந்தது. 1907-லேயே இங்கிலாந்தின் ரவுண்ட் என்பவர் இதைப் பார்த்திருந்தார். ஆனால், மேற்கொண்டு ஆராயவில்லை. லோசெவ் விடவில்லை. ஒளிரும் இடத்தில் ஒரு சொட்டு பென்சீன் விட்டுப் பார்த்தார். சூடு இருந்தால் அது சட்டென்று ஆவியாகியிருக்கும். மெதுவாகத்தான் ஆவியானது. அப்படியானால், இந்த வெளிச்சம் சூட்டினால் வருவதல்ல என்று புரிந்துகொண்டார். 1927-ல் கட்டுரை வெளியிட்டபோது அவருக்கு வயது 24.

அடுத்த ஆண்டு, நம் திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி.ராமன், ஒளிச்சிதறலில் புதுமை கண்டார். 1930-ல் நோபல் பரிசு தேடி வந்தது. லோசெவுக்கோ பேரும் வரவில்லை, பெரிய பதவியும் வரவில்லை. பட்டப் படிப்பை முடிக்காதவர் அல்லவா? ஆனாலும் ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. 1938-ல்தான் அவருடைய கட்டுரைகளைப் பார்த்து ஆய்வுப் பட்டம் கொடுத்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில், ஜெர்மன் படை லெனின்கிராட் நகரை முற்றுகையிட்டது. நகருக்குள் உணவு இல்லை. 1942 ஜனவரியில், 38 வயதில், லோசெவ் பட்டினியால் இறந்தார்.

அவர் போன 20 ஆண்டுகள் கழித்து, 1962-ல் அமெரிக்காவின் நிக் ஹோலன்யாக் சிவப்பு எல்.இ.டி. செய்தார். 1990-களில் ஜப்பானியர்கள் பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கினர். அதிலிருந்து வெள்ளை விளக்கு வந்தது. அந்த நீல விளக்குக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, பொம்மை ரயில் பெட்டியில் இதை எப்படி எரிய வைக்கிறார்கள்? தண்டவாளத்தில் வரும் மின்சாரத்தைச் சக்கரங்கள் எடுத்துக்கொள்ளும். ரயில் பின்னோக்கி ஓடும்போது மின்சாரமும் திசை மாறும். எல்.இ.டி.யோ ஒரு திசையில்தான் எரியும். அதனால், நான்கு டையோடுகளைக் கோத்து, எப்போதும் ஒரே திசையில் மின்சாரம் போகச் செய்கிறார்கள். மின்சாரம் மிகாமல் இருக்க ஒரு ரெசிஸ்டர். விளக்கு சிமிட்டாமல் இருக்க ஒரு கெப்பாசிட்டர். அவ்வளவுதான்!

நீங்களும் பெரியவர்கள் துணையோடு, பேட்டரியில் செய்து பார்க்கலாம். வீட்டு மின்சாரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். குட்டிப் பெட்டியின் ஜன்னல்கள் ஒளிரும்போது, ரயில் பெட்டித் தொழிற்சாலை ஊழியரின் மகனான லோசெவை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வீர்கள்தானே?