ஆலன் புளூம்லைன் சரித்திரம்

ஒருவர் செய்த பொருள் உலகமெங்கும் வழங்க, அதைச் செய்தவர் பெயர் மட்டும் மறைந்து கிடப்பது புதிதன்று. கோபுரத்தைக் கண்டு கைகூப்புவோர் அதனை எழுப்பிய ஸ்தபதியின் பெயரைக் கேட்பதில்லை. மின்சார சாஸ்திரத்திலும் அவ்வாறு நெடுங்காலம் மறைந்திருந்த பெருந்தொழிலாளர் ஒருவர் உண்டு. முப்பத்தொன்பது வயது நிரம்புமுன் உயிர்நீத்த அவர், 128 காப்புரிமைகளுக்கு உரியவர். இசைத்தட்டு, தொலைக்காட்சி, ரேடார் ஆகிய மூன்று துறைகளிலும் அவர் கை பட்டிருக்கிறது. அவரே ஆங்கில நாட்டு மின்சார நிபுணர் ஆலன் டோவர் புளூம்லைன். அன்னாரது சரித்திரத்தை நம் அன்பர்களும், விசேஷமாகத் தொழில் பயிலும் நம் வீட்டு இளைஞரும் யுவதிகளும் அறிந்துகொள்ளுமாறு ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

புளூம்லைன் 1903-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29-ஆம் தேதி லண்டனில் ஹாம்ஸ்டெட் என்னும் பகுதியில் பிறந்தார். தந்தையார் ஜெர்மனியில் பிறந்து பிரிட்டிஷ் பிரஜையானவர். தாயார் தென் ஆப்பிரிக்காவில் பணிபுரிந்த ஸ்காத்லாந்துப் பாதிரியார் ஒருவரின் புதல்வி. சிறுவனுக்கு எழுத்து எளிதில் வரவில்லை. பன்னிரண்டு வயதுவரை அவருக்குச் சரளமாகப் படிக்கத் தெரியாதென்று அவருடைய சகோதரி பிற்காலத்தில் கூறினார். ஆனால் கணக்கு மட்டும் அவருக்கு விளையாட்டாயிருந்தது. ஏழு வயதில் வீட்டு வாயிலின் மின்சார மணியைப் பழுதுபார்த்து, தம்மை மின்சார என்ஜினீயர் என்று குறித்துக் கையொப்பமிட்டு, தந்தையாருக்குக் கூலிப் பட்டியல் கொடுத்தாராம். தந்தையாரும் அக்கூலியைக் கொடுத்துத் தீர்த்தார். பிள்ளையின் விளையாட்டைத் தொழிலாக மதித்த அப்பெற்றோரும் பாராட்டத்தக்கவரே.

ஹைகேட் பள்ளியில் பயின்றபின் உபகாரச் சம்பளம் பெற்று, லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த சிட்டி அண்டு கில்ட்ஸ் கல்லூரியிற் சேர்ந்து, 1923-இல் முதல் வகுப்பில் தேறினார். அடுத்த ஆண்டு தொலைபேசிச் சாதனங்கள் செய்யும் கம்பெனியில் அமர்ந்தார. அக்காலத்தில் நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பிகளில் ஒரு பெருங்குறை இருந்தது. ஒரு கம்பியிற் பேசும் பேச்சு அடுத்த கம்பியிற் கசிந்து கேட்கும். கம்பியோடு இடையிடையே இணைக்கும் சுருள்களைப் புதுமுறையில் அமைத்து அக்கசிவைக் குறைத்தார் புளூம்லைன். அவருடைய முதற் காப்புரிமைகள் இவ்வாறு எழுந்தன.

காப்புரிமையாவது யாதென்று இங்கே சிறிது விளக்குதல் நலம். புதிதாக ஒன்றைக் கண்டவர் அதன் செய்முறையை ஒளிவுமறைவின்றி அரசாங்கத்திற்கு எழுதிக் கொடுக்கிறார். அதற்கு ஈடாக, குறித்த ஆண்டுகள்வரை அவரது அனுமதியின்றிப் பிறர் அதைச் செய்யலாகாதென்று அரசாங்கம் காவல் செய்கிறது. காலம் முடிந்ததும் அது பொதுச்சொத்தாகிறது. தந்தை அறிந்த தொழில்நுட்பம் மகனுக்குச் சொல்லப்படாமலே சிதையில் வெந்துபோன கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். அத்தகைய நஷ்டத்தைத் தடுக்கும் ஏற்பாடு இது.

1929-இல் கொலம்பியா கிராஃபோபோன் கம்பெனியில் ஐசக் ஷோன்பெர்க் என்பவரின் கீழ் புளூம்லைன் பணியேற்றார். அந்நாளில் மின்சார முறையில் இசைத்தட்டுக்குக் குரலைப் பதிக்கும் யந்திரம் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் காப்புரிமைக்கு உட்பட்டிருந்தது. தட்டுக்குத் தட்டு அதற்குக் கப்பம் கட்டவேண்டும். அவ்வுரிமையை மீறாமல், வேறு தத்துவத்தால் அமைந்த யந்திரம் ஒன்று வேண்டுமென்பது அவருக்கிட்ட வேலை. இரும்புத்துண்டு அசைவதற்குப் பதிலாகக் கம்பிச்சுருளே அசையும்படி தம் தோழர்கள் ஹோல்மன், கிளார்க் என்பவர்களோடு அவர் ஒன்றைச் செய்து முடித்தார். கப்பம் ஒழிந்தது, குரலும் முன்னிலும் தெளிவாய்ப் பதிந்தது. பிறர் அடைத்த வழியே புதுவழி காணக் காரணமாயிற்று.

1931-இல் அக்கம்பெனி மற்றொன்றோடு இணைந்து ஈ.எம்.ஐ. என்னும் பெயர் பெற்றது. அவ்வாண்டில் அவர் தம் மனைவியாகப் போகும் டோரீன் அம்மையாருடன் பேசும்படம் ஒன்று பார்க்கச் சென்றார். திரையில் நடிகர் வலப்புறம் நின்று பேசினும் இடப்புறம் நின்று பேசினும் குரல் ஒரே ஒலிபெருக்கியினின்றே வந்தது. கோடிக்கணக்கானோர் கண்டும் பொருட்படுத்தாத இக்குறை அவர் மனத்தை உறுத்திற்று. குரல் ஆளைத் தொடர்ந்து செல்ல ஒரு வழி செய்யலாமென்று எண்ணி, அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் தேதியே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 394325 என்னும் இலக்கம் பெற்ற அப்பத்திரத்தில் 70 உரிமைக்கோரிக்கைகள் அடங்கியுள்ளன. மனிதன் இரு செவிகளால் திசையை அறிவதுபோல இரு ஒலிவாங்கிகளால் ஒலியை ஏற்பதும், தட்டின் ஒரே பள்ளத்தின் இரு சரிவுகளிலும் இருவேறு ஒலிகளைப் பதிப்பதும் அதில் விளங்க எழுதப்பட்டுள்ளன. 1934 ஜனவரியில் லண்டன் ஆபி ரோடு நிலையத்தில் சர் தாமஸ் பீச்சம் வாத்திய கோஷ்டியை நடத்த, இம்முறையில் அதைப் பதித்துப் பார்த்தனர். ஆயினும் அன்று வியாபாரம் அதனை விரும்பவில்லை. இருசெவி இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது 1958-ஆம் ஆண்டையொட்டியே. அதற்குள் காப்புரிமையின் காலம் கழிந்துவிட்டது. கண்டவரும் மண்ணுலகில் இல்லை. இன்று ஸ்டீரியோ என்று நம் சிறுவரும் சொல்லுவது இதுவே.

பின்னர் ஷோன்பெர்க்கின் குழு தொலைக்காட்சியில் இறங்கியது. 1936 நவம்பரில் லண்டன் அலெக்ஸாண்ட்ரா மாளிகையிலிருந்து பி.பி.சி. தொடங்கிய 405 கோடுகள் கொண்ட தொலைக்காட்சி அக்குழுவின் ஆக்கம். அதன் மின்சுற்றுகள் பலவற்றில் புளூம்லைனின் மூளை வேலை செய்தது. நகரின் வேறோரிடத்துக் காட்சியைக் கம்பி வழியே நிலையத்துக்குக் கொணர்கையில் வழியிலுள்ள மின்சார இரைச்சலும் உடன் வந்து சேரும். இரண்டு வால்வுகளை ஒரு பொதுத் தடையில் இணைத்து, இரண்டிற்கும் பொதுவாக வரும் இரைச்சலைத் தள்ளி, வேறுபாட்டை மட்டும் பெருக்கும் சுற்று ஒன்றை அவர் 1936-இல் காப்புரிமை செய்தார். 1937 மே மாதம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு ஊர்வலம் வீடுகளிற் காணப்பட்டது. வால்வுகளின் காலம் போயினும், அச்சுற்றின் தத்துவம் நகத்தினும் சிறிய சிலிக்கன் சில்லுகளில் இன்றும் வாழ்கிறது.

நிற்க. 1939-இல் உலக யுத்தம் மூண்டதும் தொலைக்காட்சி நிறுத்தப்பட்டது. அதைச் செய்த கைகள் ரேடாருக்குத் திரும்பின. ரேடியோ அலையை வீசி, அது பொருளின்மேற் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு அப்பொருளின் திசையையும் தூரத்தையும் அறிவதே ரேடார். அதற்கு மிகக் குறுகிய நொடியில் மிக்க வலிமையுள்ள துடிப்புகள் வேண்டும். அத்துடிப்பை உண்டாக்க மின்கடத்திகளில் சக்தியைத் தேக்கி ஒருங்கே விடும் முறையை அவர் வகுத்தார். அம்முறை அவர் பெயராலேயே என்ஜினீயர்களிடம் இன்றும் வழங்குகிறது.

அடுத்து வந்தது எச்-டூ-எஸ் என்னும் விமான ரேடார். விமானத்தின் அடியிற் சுழலும் உறுப்பு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அலையைப் பூமிமேல் வீசும். நீரிலிருந்து எதிரொலி அற்பமாகவும், நிலத்திலிருந்து மிகுந்தும், கட்டடங்கள் நெருங்கிய நகரத்திலிருந்து மிக மிகுந்தும் திரும்பும். இருளிலும் மேகத்திலும் கீழேயுள்ள நாடு ஒரு கண்ணாடித் திரையிற் படமாய் விளங்கும். அக்கருவியைச் செய்தவர்கள் அது பறக்கும்போது எப்படி நடக்கிறதென்று நேரிற் காணவேண்டியிருந்தது. இளமையில் விமானம் ஓட்டக் கற்றிருந்த புளூம்லைனுக்கு ஆகாயப் பயணம் புதிதன்று.

1942 ஜூன் 7-ஆம் தேதி, டெஃபர்டு விமானத்தளத்திலிருந்து வி9977 என்னும் இலக்கமுள்ள ஹாலிபாக்ஸ் விமானம் பதினொருவருடன் கிளம்பியது. புளூம்லைனும், ஈ.எம்.ஐ.யைச் சேர்ந்த பிரவுன், பிளைத்தன் என்னும் இருவரும் அதில் இருந்தனர். வழியில் வலப்புறத்து வெளி என்ஜினில் தீப்பற்றியது. தீ இறக்கையைத் தின்றது. வை நதிக்கரையில் வெல்ஷ் பிக்னர் என்னுமிடத்தில் விமானம் வீழ்ந்து பதினொருவரும் மாண்டனர். சிதைவை ஆராய்ந்தவர்கள் காரணத்தைக் கண்டார்கள். சில மணி நேரம் முன்பு என்ஜினைச் சோதித்தபோது சிறு நட்டு ஒன்று சரியாக இறுக்கப்படவில்லை. அது தளர, வால்வு ஒன்று முறிந்து, எரிபொருள் தீப்பிடித்தது. அன்று டோரீன் அம்மையார் இரு சிறு புதல்வர்களுடன் கைம்பெண்ணானார்.

யுத்த ரகசியம் கருதி அம்மரணம் ஊரறியச் சொல்லப்படவில்லை. தொலைக்காட்சிக்கும் ரேடாருக்கும் அத்துணை உழைத்தவர் இறந்ததை அவருடைய நாடே அறிந்திலது. எஞ்சியவர்கள், பெர்னார்டு லவெல் முதலானோர், வேலையைக் கைவிடவில்லை. 1943 ஜனவரி இறுதியில் ஹாம்பர்க் நகரின்மேற் சென்ற விமானங்களில் அக்கருவி முதன்முதல் போரில் இயங்கியது. அது வழிகாட்டிய குண்டுகள் நகரமக்கள் பலரையும் மாய்த்தன என்பதையும் நாம் மறைத்தலாகாது. அதே குறுகிய அலை ரேடார் கப்பல்களை மூழ்கடித்த நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிக்கவும் உதவிற்று. கருவி ஒன்றே, அதனை ஏவும் மனமே நன்மை தீமைகளைப் பிரிக்கிறது.

பெயர் மறைந்தவர் மெல்ல வெளிவந்தார். 1977-இல் ஈலிங்கில் அவர் வாழ்ந்த வீட்டில் நினைவுப் பலகை பதித்தனர். 1992-இல், விமானம் வீழ்ந்த இடத்தருகே குட்ரிச் கோட்டையின் சிற்றாலயத்தில் மாண்ட பதினொருவர் நினைவாக வண்ணக் கண்ணாடிச் சாளரம் அமைந்தது. 2017-இல் அமெரிக்க இசைத்துறையினர் அவருக்குத் தொழில்நுட்ப கிராமி விருதளித்தனர். அவர் இறந்து அப்பொழுது எழுபத்தைந்து ஆண்டுகள்.

அவர் எவ்வாறு மீண்டார் என்பதே நாம் சிந்திக்கற்பாலது. புத்தகம் எழுதியவர் அல்லர். மேடை ஏறியவரும் அல்லர். ஆனால் கண்டதையெல்லாம் ஒன்றும் விடாமல், பிறர் படித்து அப்படியே செய்யும்படி, காப்புரிமைப் பத்திரங்களில் எழுதிவைத்தார். விமானத்தின் தீ அவரைக் கொண்டுபோயிற்று, அரசாங்கம் அவர் பெயரை மூடிற்று, பத்திரங்கள் எஞ்சின. சிறுவயதில் எழுத்தோடு போராடியவரை எழுத்தே காத்தது.

ஆதலின் தொழிலறிந்த பெரியோர் தம் கைத்திறனை நோட்டுப் புத்தகத்தில் எழுதி மக்களுக்கு விட்டுச்செல்வாராக. இளைஞர் பிறர் பொருட்படுத்தாத குறையைக் கண்டு வழி தேடுவாராக. யந்திரத்தின் முன் நிற்போர், எவர் கண்ணுக்கும் படாத நட்டேயாயினும், இறுக்கியபின் மறுமுறை தொட்டுப் பார்த்தே கையெடுப்பாராக. பதினொரு குடும்பங்களின் கண்ணீர் அதனை நமக்கு உணர்த்துகின்றது.