பண்டித ரமாபாயின் கேள்விகள்

பண்டித ரமாபாயைப் பெண்கல்வியின் முன்னோடியாகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். பொருளியல் கற்பித்தவனாகிய எனக்கோ, அவர் முதலில் பஞ்சத்தின் மகள். 1870களில் பசியும் நோயும் தந்தை, தாய், அக்காள் மூவரையும் கொண்டுபோயின. 1880இல் அண்ணன், 1882இல் கணவர். கைக்குழந்தை மனோரமாவோடு இங்கிலாந்து சென்ற ரமாபாய், 1883இல் வான்டேஜ் நகரில் ஞானஸ்நானம் பெற்றார்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும் என்றே ஆங்கிலிக்கன் திருச்சபை எதிர்பார்த்தது. அவரோ திரித்துவத்தை ஏற்கத் தயங்கினார். கன்னிப் பிறப்பைக் குறித்துக் கேட்டார். ஆண்களுக்கு அவர் பாடம் நடத்தலாகாது என்று இந்தியாவிலிருந்த பேராயர்கள் தடுத்தபோது வெகுண்டார். ஒரு புரோகிதர் கூட்டத்திடமிருந்து விடுபட்டது இன்னொன்றுக்குப் பணிவதற்காக அல்ல என்பது அவர் வாதம். ஞானத்தாயான அருட்சகோதரி ஜெரால்டினுக்கு இதெல்லாம் ஆணவமாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இத்தனை மரணங்களுக்குப் பிறகும் சொன்னதைத் திருப்பிச் சொல்லியிருந்தால்தான் ஐயுற்றிருப்பேன். செல்டன்ஹாம் கல்லூரி முதல்வர் டோரதியா பீல் மட்டும் அந்த ஐயங்களைப் பொறுமையோடு செவிமடுத்தார்.

கிறிஸ்துவைத் தாம் உண்மையாகக் கண்டடைந்ததாக ரமாபாய் பின்னாளில் குறிப்பிட்டது, ஞானஸ்நானத்துக்கு ஏறத்தாழ எட்டாண்டுகளுக்குப் பிந்தைய காலத்தை. 1921இல் மனோரமாவும் இறந்தார். மராத்தி விவிலிய மொழிபெயர்ப்பை முடித்துவிட்டு, 1922 ஏப்ரலில் கேட்காவில் ரமாபாய் கண்மூடினார்.