நெல்சன் அனன்டேல்

தாமஸ் நெல்சன் அனன்டேல் (ஜூன் 15, 1876 – ஏப்ரல் 10, 1924) ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த விலங்கியலாளரும் மானிடவியலாளரும் ஆவார். இந்திய விலங்கியல் ஆய்வு மையத்தின் முதல் இயக்குநராகப் பணியாற்றிய இவர், ஆசியாவின் ஏரிகளில் வாழும் உயிரினங்களை ஆராய்ந்தமைக்காக அறியப்படுகிறார். பர்மாவின் இன்லே ஏரியைத் தவிர வேறெங்கும் இயற்கையில் காணப்படாத சில சிறு மீன்களை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் இவரே. அவற்றுள் சில இன்று அழிவாய்ப்பு இனங்களாக உள்ளன.

இளமை

எடின்பரோவில் பிறந்தார். தந்தை தாமஸ் அனன்டேல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியர். தாய் பதிப்பாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். ரக்பி பள்ளியிலும் ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரியிலும் எடின்பரோவிலும் கல்வி கற்றார். 1899ல் ஸ்கீட் ஆய்வுப் பயணக் குழுவினருடன் மலாய்த் தீபகற்பத்தின் வடபகுதிக்குச் சென்றார். விலங்குகளையும் மக்களின் வாழ்க்கை முறையையும் ஒருசேரக் கவனிக்கும் பழக்கம் இவருக்கு அங்கேயே ஏற்பட்டது எனலாம்.

இராமநாதபுரம் கரையில்

1904ல் கல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் துணைக் கண்காணிப்பாளராகச் சேர்ந்தார். இவரது தொடக்க கால இந்திய ஆய்வுகளில் ஒன்று தமிழகத்தின் தென்கிழக்குக் கரையைப் பற்றியது. அப்போது இராமநாதபுரம் தனி மாவட்டம் அன்று. மதுரை மாவட்டத்தின் உட்பிரிவாக இருந்தது (1910லேயே தனி மாவட்டமாயிற்று). கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்கள் அமைந்த, மணலும் முட்புதரும் பனையும் நிறைந்த இவ்வறண்ட நிலத்தை அனன்டேல் தென்னிந்தியாவின் பாலைநிலப் பகுதியாகவே கருதினார். இங்குள்ள தவளைகள், ஊர்வன, பூச்சிகள் பற்றி இவர் எழுதியவை 1906ல் வங்காள ஆசியக் கழகத்தின் வெளியீட்டில் இடம்பெற்றன. அதே வெளியீட்டில் இப்பகுதி மக்களின் புழங்குபொருட்களைப் பற்றியும், தென்னிந்தியாவில் வழங்கிய ஊதுகுழாய் என்னும் வேட்டைக் கருவியைப் பற்றியும் எழுதினார். கடலுக்கு அப்பாலுள்ள மலாய் நாட்டிலும் அக்கருவி வழங்கியதை இவர் முன்பே அறிந்திருந்தார்.

அருங்காட்சியகமும் ஏரிகளும்

1907ல் கண்காணிப்பாளரானார். அவ்வாண்டே அருங்காட்சியகத்தின் இரண்டு ஆய்விதழ்களைத் தொடங்கினார். உயிரினங்களைச் சாராயப் புட்டியில் இட்டு விவரிப்பது மட்டும் இவருக்குப் போதுமானதாக இல்லை. அவை வாழும் நீரையும் சேற்றையும் நேரில் காண வேண்டும் என்பது இவரது போக்கு. அருங்காட்சியக வளாகத்துக் குளமே இவருக்கு ஓர் ஆய்வுக்கூடமாக இருந்தது. நன்னீர்ப் பஞ்சுயிரிகள் போன்றவற்றைப் பற்றிய இவரது நூல் 1911ல் வெளிவந்தது. 1912ல் பாலஸ்தீனத்தின் திபேரியா ஏரி, அடுத்து ஒரிசாவின் சில்கா, பின்னர் ஜப்பானின் பிவா, சீனாவின் தாய் ஏரி, சயாமின் சொங்க்லா என இவரது பயணங்கள் நீண்டன. சில்கா ஆய்வில் ஸ்டான்லி கெம்ப் இவருடன் பணியாற்றினார்.

இன்லே ஏரி

1917ல் ஷான் மலைநாட்டிலுள்ள இன்லே ஏரிக்குச் சென்றார். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு இடையே அமைந்த ஆழமற்ற ஏரி இது. மற்ற நீர்நிலைகளிலிருந்து நெடுங்காலம் விலகியிருந்ததால் இங்குள்ள மீன்களும் நத்தைகளும் தனித்தன்மை பெற்றன. ஏரியின் மீன்களையும் மீன்பிடிப்பையும் பற்றிய இவரது கட்டுரை 1918ல் வெளிவந்தது.

அதில் இவர் விவரித்த மீன்களுள் ஒன்று சாவ்புவா ரெஸ்ப்லெண்டென்ஸ். 4 செ.மீ. அளவே வளரும் இம்மீனுக்குச் செதில்கள் இல்லை. ஆண் மீனின் தலையும் வால் நுனிகளும் செந்நிறமானவை. உடல் நீலம் கலந்த வெள்ளி நிறம். ஷான் சிற்றரசர்களின் பட்டப்பெயரான சாவ்புவா என்பதையே அதன் பேரினப் பெயராக வைத்தார். விரல் நீளமும் இல்லாத மீனுக்கு அரசரின் பட்டம்! நீலக் கோடுகள் கொண்ட எரித்ரோமைக்ரான் என்னும் மற்றொரு சிறு மீனும் இக்கட்டுரையின் வழியாகவே அறியப்பட்டது. விலாங்கு போன்ற வேறொரு மீனுக்குத் தம் அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த சௌதுரியின் பெயரை இட்டார்.

ஆய்வு மையம்

நிலவியலுக்கும் தாவரவியலுக்கும் இருந்ததுபோல் விலங்கியலுக்கும் தனி அரசுத்துறை வேண்டும் என்று அனன்டேல் வற்புறுத்தி வந்தார். அதன் பயனாக, உலகப்போரின் நடுவே, ஜூலை 1, 1916ல் இந்திய விலங்கியல் ஆய்வு மையம் தோன்றியது. 1919ல் லாகூரில் சந்தித்த சுந்தர் லால் ஹோரா என்னும் இளைஞரை அதில் சேரும்படி அழைத்தார். ஹோரா பின்னாளில் மீனியலில் புகழ்பெற்று அம்மையத்தின் இயக்குநருமானார். இவரிடம் பணியாற்றிய கிரேவ்லி 1920ல் சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்று, பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் கடலுயிர்களை ஆராய்ந்தார்.

மனித உடலளவுகளைச் சேகரிப்பதிலும் அனன்டேல் ஈடுபட்டார். மக்களை அளந்து வகைப்படுத்தும் அக்கால மானிடவியல் இன்று ஏற்கப்படுவதில்லை. எனினும், கல்கத்தாவின் ஆங்கிலோ இந்தியர் பற்றி இவர் திரட்டிய அளவுகளை 1920ல் மகலனோபிசிடம் ஆய்வுக்குக் கொடுத்தார். மகலனோபிசின் முதல் புள்ளியியல் ஆய்வுக் கட்டுரை அதிலிருந்தே பிறந்தது.

1924 ஜனவரியில் பெங்களூரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்த அனன்டேல், மூன்று மாதங்களுக்குள், 47 வயதில் கல்கத்தாவில் காலமானார். ஆசியக் கழகம் இவர் பெயரால் மானிடவியலுக்குப் பதக்கம் வழங்குகிறது.

இன்லே மீன்களின் இன்றைய நிலை

1935க்கும் 2000க்கும் இடையில் இன்லேயின் திறந்த நீர்ப்பரப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மலைச்சரிவுகளிலிருந்து வரும் வண்டலும் தக்காளி பயிரிடப்படும் மிதக்கும் தோட்டங்களின் பெருக்கமும் இதற்குக் காரணங்கள். பூச்சிக்கொல்லிகளும் வெளியிலிருந்து வந்த மீனினங்களும் மேலும் கேடு விளைவித்தன. 2015ல் யுனெஸ்கோ இவ்வேரியை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. சாவ்புவாவும் எரித்ரோமைக்ரானும் பல நாடுகளில் வீட்டு மீன்தொட்டிகளில் வளர்க்கப்படுகின்றன. இவற்றின் இயற்கை வாழிடம் இந்த ஓர் ஏரியும் அதனோடு இணைந்த நீர்நிலைகளும் மட்டுமே. அங்கு முன்பு என்னென்ன இருந்தன என்பதை ஒப்பிட்டறிய ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும் தொடக்கச் சான்றுகளுள் 1918ஆம் ஆண்டுக் கட்டுரை முதன்மையானது.