டாக்டர் சுப்பாராவ்

1895-இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை வைத்தியக் கலாசாலையில் கதர் அங்கி தரித்து ரண சிகிச்சை பயின்றார். ஆங்கில ஆசிரியருக்கு அது பொறுக்கவில்லை; எம்.பி.பி.எஸ். மறுக்கப்பட்டு எல்.எம்.எஸ். பட்டமே கிட்டிற்று. நஷ்டம் எவருடையதென்று நாம் சொல்ல வேண்டுவதில்லை.

1923-இல் அமெரிக்கா சென்றார். ஹார்வர்டும் அவருக்கு நிரந்தர ஸ்தானம் தரவில்லை. 1940-இல் லெடர்லி ஆராய்ச்சிசாலையை அடைந்தார். அவரது குழுவினர் முதலில் போலிக் அமிலத்தையும், பின்னர் அதைப்போலவே தோன்றி அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினையும் ஆக்கினர். ரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகள் சிலருக்கு அம்மருந்தால் தற்காலிக சுகம் கிடைத்தது.

அதன் இனமான மெதோட்ரெக்ஸேட் இன்றும் வழங்குகிறது. அளவு மிஞ்சினால் அதுவே விஷம். அப்போது வெறும் போலிக் அமிலம் கொடுத்துப் பயனில்லை; அதைப் பக்குவப்படுத்தும் நொதியையன்றோ மருந்து கட்டிப்போட்டுவிட்டது! ஆகவே முன்னரே பக்குவமடைந்த போலினிக் அமிலத்தையே மாற்று மருந்தாக அளிக்கின்றனர்.

1948 ஆகஸ்டில், 53-வது வயதில், தாய்நாடு திரும்பாமலே சுப்பாராவ் காலமானார்.